வகுப்பறையும் கம்பெனியும்: தொழில் நடத்தும் சட்ட மாணவரை விதிகள் எங்கே நிறுத்துகின்றன?

1. இரண்டு இயக்குநர்கள், ஒரு கம்பெனி

சென்னையை அடுத்த ஒரு சட்டக் கல்லூரியில் வழக்கறிஞர் தொழில் நெறி குறித்துச் சில வகுப்புகள் எடுக்கப் போயிருந்தேன். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 47ஆவதைக் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். வழக்கறிஞர் எவரும் தாமே முன்னின்று வணிகம் செய்யக் கூடாது என்பது அந்த விதி. வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் வராந்தாவரை பின்னாலேயே வந்தார். “சார், அப்போ நான் என்ரோல் பண்றப்போ கம்பெனியை என்ன பண்றது?” என்று கேட்டார்.

அவர் ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் ஆண்டு. பொறியியல் படிக்கும் பள்ளித் தோழரோடு சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார், இருவருமே இயக்குநர்கள். வழக்கறிஞர்கள் தங்கள் வழக்குகளின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைப் பதிந்துவிட்டால், அடுத்த வாய்தா என்றைக்கு, எந்தக் கோர்ட்டில், காஸ் லிஸ்டில் எத்தனையாவது வழக்கு என்பதெல்லாம் தமிழில் கைப்பேசிக்கு வந்துவிடும். இதைச் செய்யும் மென்பொருளை எழுதியவர் தோழர். வழக்கறிஞர்களைப் பிடிப்பதும் அவர்களுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் இவர் வேலை.

அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மறுநாளுக்கான பட்டியல் முந்தைய மாலையில் வெளியாகும். அதிலிருந்து இரவு பத்து மணிவரை தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். உயர் நீதிமன்றம் காலை 10.30 மணிக்குக் கூடும். அதற்குச் சற்று முன்னால்தான் ஜூனியர் வழக்கறிஞர்களின் அழைப்புகள் குவியும்: “தம்பி, லிஸ்ட்ல வரலையே, அட்வான்ஸ் ஆயிடுச்சா?” வகுப்பில் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும் நேரமும் ஏறத்தாழ அதுதான். மேஜைக்கு அடியில் அதிரும் கைப்பேசியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே “உள்ளேன் ஐயா” சொல்வது அவருக்குப் பழகிப்போய்விட்டது. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பாடவாரியாகக் கட்டம் போட்டு, எத்தனை வகுப்பு நடந்தது, எத்தனைக்குப் போனேன் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். ஒரு பாடத்துக்கு எதிரே 68 என்றிருந்தது. அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

படித்துக்கொண்டே தொழில்நுட்பத் தொழில் நடத்தும் சட்ட மாணவர் உண்மையில் எங்கே தடுக்கப்படுகிறார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நேரப் பற்றாக்குறையே காரணம் என்பது பரவலான பதில். விதிகளை எடுத்து வைத்துப் படித்தால் அது பாதி பதில்தான் என்று தெரிகிறது.

2. நிலவும் புரிதல்கள்

இதைப் பற்றிப் பேசுவோர் மூன்று வகை. பெற்றோரும் பெரும்பாலான ஆசிரியர்களும் முதலில் பட்டம், பிறகு மற்றது என்பார்கள். தொழில்முனைவை ஊக்குவிக்கும் அரசுத் துறைகளோ, கல்லூரிப் பருவமே தொழில் தொடங்க ஏற்ற காலம் என்கின்றன. வழக்கறிஞர் சமூகத்தின் மூத்தவர்கள், சட்டம் முழு மனிதரையும் கேட்கும் தொழில், அதோடு வியாபாரம் ஒட்டாது என்பார்கள். முதல் இரண்டும் நேரத்தையும் வயதையும் பற்றிய கருத்துகள். மூன்றாவது மட்டுமே தொழிலின் தன்மையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் நடைமுறையில் மூன்றும் ஒன்றாகக் குழம்பி, “ரெண்டுல ஒண்ணைப் பாரு” என்ற ஒற்றை அறிவுரையாக மாணவரிடம் வந்து சேர்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

3. மணிக்கணக்கு

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் ஒரு பருவம் 18 வாரத்துக்குக் குறையக் கூடாது. வாரத்துக்கு 30 மணி நேர வகுப்புக்குக் குறையக் கூடாது. 12ஆவது விதி ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை கேட்கிறது. குறைந்த அளவையே எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு பருவத்துக்கு 540 மணி நேரம். அதில் 378 மணி நேரம் வகுப்பில் இருந்தே ஆக வேண்டும். மிஞ்சுவது 162 மணி நேரம், வாரத்துக்கு ஒன்பது. காய்ச்சல், ஊர்த் திருவிழா, வீட்டுத் துக்கம் என எல்லாமே அந்த ஒன்பதுக்குள் அடங்க வேண்டும்.

சலுகை இருக்கிறதே என்பார்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் ஒரு பாடத்தில் வருகை குறைந்தால், 65 விழுக்காடு இருந்தாலும் முதல்வர் தேர்வெழுத அனுமதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் எல்லாப் பாடங்களையும் சேர்த்த மொத்த வருகை அப்போதும் 70 இருக்க வேண்டும். ஒரு பாடத்தில் விட்டதை இன்னொன்றில் ஈடுகட்டிக்கொள்ளவே அந்தச் சலுகை உதவும். மொத்த நேரத்தில் ஒரு மணிகூட அதனால் கூடாது. கண்டோனேஷன் என்ற இந்தச் சலுகையை வாங்கிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நம்பிப் பருவக் கடைசியில் அலுவலக வாசலில் நிற்கும் மாணவர்களில் பலர் இந்த இரண்டாவது நிபந்தனையைப் படித்திருப்பதில்லை.

ஆக, நேர நெருக்கடி மெய்யானது. ஆனால் தாண்டவே முடியாத சுவர் என்று அதைச் சொல்ல மாட்டேன். வகுப்பு நேரத்துக்கு வெளியே மாலையும் விடுமுறையும் இருக்கின்றன. மாணவர் வேலை செய்யும் நேரத்துக்கே வரம்பு கட்டிய நாடும் உண்டு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் சட்டக் கல்லூரித் தர விதிகள், முழுநேர மாணவர் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்தன. 2014இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அங்கே பகுதிநேர, மாலைநேரச் சட்டப் படிப்புகளும் அங்கீகாரத்தோடு நடக்கின்றன. இங்கே முறையான படிப்பு என்றாலே நாளுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் தொடர்ச்சியாக நடக்கும் படிப்பு என்று விதி வரையறுத்திருக்கிறது. சம்பாதித்துக்கொண்டே படிப்பவர் அந்த வரையறையின் கண்ணில் படுவதே இல்லை.

4. ஒரே அரசு, இரண்டு சொற்கள்

மேற்சொன்ன கம்பெனியின் இரு இயக்குநர்களையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019இல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையை வெளியிட்டது. தொழில் நடத்தும் மாணவருக்கு வருகை குறைந்தாலும் கல்வி நிறுவனத்தின் அனுமதியோடு தேர்வெழுத இடம் தர வேண்டும், கம்பெனிக்காக ஒரு பருவமோ ஓராண்டோ படிப்பை நிறுத்தித் திரும்ப வழி செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. பொறியியல் தோழர் தம் கல்லூரி முதல்வரிடம் இந்த ஆவணத்தைக் காட்டிப் பேச முடியும்.

சட்ட மாணவரிடம் நீட்டப்படும் ஆவணம் வேறு. 2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் எல்லாச் சட்டக் கல்வி நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பயோமெட்ரிக் வருகைப் பதிவு, கண்காணிப்பு கேமரா, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவற்றோடு, மாணவர் ஓர் உறுதிமொழியும் தர வேண்டும் என்றது. படிக்கும் காலத்தில் உரிய ஆட்சேபணையின்மைச் சான்று இல்லாமல் எந்த வேலையிலும், பணியிலும், தொழிலிலும் ஈடுபடவில்லை என்பதே அந்த உறுதிமொழி. அதைத் தந்த பிறகே இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும்.

வேலைக்குப் போகிறவருக்குச் சான்று தர ஒரு முதலாளி இருக்கிறார். சொந்தக் கம்பெனி நடத்துபவருக்கு யார் சான்று தருவது? இயக்குநர் குழு தீர்மானம் போட்டுத் தன் இயக்குநருக்கே வழங்குவதா? சம்பளமே எடுக்காத இயக்குநர் பதவி தொழிலில் ஈடுபடுவதாகுமா? சுற்றறிக்கையை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது, கல்லூரிப் பக்கமே வராமல் எங்கோ முழுநேர வேலை பார்த்துக்கொண்டு பட்டம் மட்டும் வாங்கிப் போகிறவர்கள். அந்த மோசடி உண்மையானது. அதைத் தடுக்க வேண்டியதும்தான். ஆனால் விரித்த வலையில், தினமும் வகுப்புக்கு வந்து இரவில் கணினி முன் உட்கார்பவரும் சிக்கிக்கொள்கிறார்.

வருகை விதியின் கடுமையை நீதிமன்றமே கேள்விக்கு உட்படுத்தியது. வருகைக் குறைவால் தேர்வெழுத முடியாமல் போன ஒரு சட்ட மாணவர் 2016இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதையொட்டிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது. வருகைக் குறைவை மட்டும் காரணம் காட்டிச் சட்ட மாணவரைத் தேர்விலிருந்து நிறுத்தக் கூடாது என்றது. மாதிரி நீதிமன்றம், கருத்தரங்கு, நீதிமன்றப் பார்வை போன்றவற்றையும் கணக்கில் எடுக்கும்படி வருகை விதிகளை மறுஆய்வு செய்யவும் பார் கவுன்சிலைப் பணித்தது. கல்வி நான்கு சுவருக்குள் மட்டும் நடப்பதில்லை என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது.

5. யார் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது?

தொழில் நடத்தும் மாணவர் என்றதும் வசதியான வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடுகிறோம். நம் சட்டக் கல்லூரிகள் பலவற்றுக்கும் தமிழ்நாட்டின் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் யாருடைய பெயர் சூட்டப்பட்டிருக்கிறதோ, அவருடைய வாழ்க்கையிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது.

அம்பேத்கர் 1916இல் லண்டன் கிரேஸ் இன்னில் சட்டம் பயிலப் பதிந்தார். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. பம்பாயில் பிழைப்புக்காகத் தனிப்பாடம் எடுத்தார். முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றையும் தொடங்கினார். ஆலோசகர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலக, தொழில் நின்றுபோயிற்று. 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். 1920இல் மீண்டும் லண்டன் போய், 1922இல் பாரிஸ்டர் ஆனார். பாதியில் நின்ற சட்டப் படிப்புக்கும் அதைத் தொடர்ந்ததற்கும் இடையில் அவர் நடத்தியது ஓர் ஆலோசனைத் தொழில். அதைக் கெடுத்தது படிப்பும் இல்லை, நேரமின்மையும் இல்லை. சாதி.

நான் சந்தித்த மாணவரின் தந்தை ஒரு தாலுகா கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வாய்தா தேதி தெரியாமல் கட்சிக்காரர்கள் அலைவதைச் சிறுவயதிலிருந்தே அந்தக் கடையில் நின்று பார்த்தவர் இவர். மென்பொருளுக்கான எண்ணம் அங்கேதான் பிறந்தது. மாதம் கையில் நிற்கும் சிறு தொகை விடுதிக் கட்டணத்துக்குப் போகிறது. அவருக்குக் கம்பெனி ஆடம்பரமன்று.

6. நாற்பத்தேழு முதல் ஐம்பத்திரண்டு வரை

மாணவப் பருவத்தின் நெருக்கடியை எப்படியோ சமாளித்தாலும், பட்டம் வாங்கி என்ரோல்மென்ட்டுக்கு, அதாவது வழக்கறிஞராகப் பதிவுசெய்துகொள்ளப் போகும் நாளில் பெரிய கதவு ஒன்று சாத்தப்படுகிறது. பார் கவுன்சில் விதிகளின் ஆறாம் பகுதி, இரண்டாம் அத்தியாயம், ஏழாம் பிரிவில் 47 முதல் 52 வரையுள்ள விதிகள், வழக்கறிஞர் வேறு என்னென்ன செய்யலாம், செய்யக் கூடாது என்று வகுக்கின்றன.

47இன்படி வழக்கறிஞர் தாமே வணிகம் நடத்தக் கூடாது. ஸ்லீப்பிங் பார்ட்னராக, அதாவது முதல் போட்டுவிட்டு நிர்வாகத்தில் தலையிடாத கூட்டாளியாக இருக்கலாம். அதுவும் அந்த வணிகம் தொழிலின் கண்ணியத்துக்குப் பொருந்துவதாக மாநில பார் கவுன்சில் கருத வேண்டும். 48இன்படி கம்பெனியில் இயக்குநராகவோ இயக்குநர் குழுத் தலைவராகவோ இருக்கலாம். நிர்வாகப் பொறுப்பு எதையும் ஏற்கக் கூடாது. நிர்வாக இயக்குநராகவோ கம்பெனிச் செயலாளராகவோ இருக்கவே கூடாது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 196ஆவது பிரிவில் 21 வயது நிரம்பியவரை நிர்வாக இயக்குநராக ஏற்கிறது. அந்தத் தகுதி வந்து இரண்டு, மூன்று ஆண்டுகளில், அங்கி அணியும் நாளில், சட்ட மாணவர் அதைத் துறக்க வேண்டும்.

50ஆவது விதியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். குடும்ப வணிகம் வாரிசுரிமையாக வந்தால் வழக்கறிஞர் அதைத் தொடரலாம், பங்கு வைத்துக்கொள்ளலாம்; நிர்வாகத்தில் மட்டும் நேரடியாக ஈடுபடக் கூடாது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். நடைமுறையில் அப்படியில்லை. ஜவுளிக்கடையோ அரிசி ஆலையோ வாரிசாக வந்தால் பார்த்துக்கொள்ள அண்ணன் இருப்பார், சித்தப்பா இருப்பார், பழகிய கணக்கப்பிள்ளை இருப்பார். முதலையும் உழைப்பையும் அங்கே பிரித்து வைக்கலாம். இரண்டே பேர் நடத்தும் மென்பொருள் கம்பெனியில் முதல் என்பதே அந்த இரண்டு பேரின் உழைப்புதான். ஒருவர் தூங்கும் கூட்டாளியாகிவிட்டால் கம்பெனியில் பாதி இல்லை. முன்னோர் சொத்தோடு வருபவருக்கு வழிவிடும் விதி, தன் கையால் ஒன்றை உண்டாக்கியவரை ஓரங்கட்டுகிறது. யாரும் வேண்டுமென்றே இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். கடையும் ஆலையுமே வணிகம் என்றிருந்த காலத்தின் மொழி அது.

இந்த விதிகளுக்குப் பின்னால் நிற்கும் வாதத்தை 1996இல் சுலானி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொல்லியிருக்கிறது. மருத்துவத் தொழில் செய்துகொண்டே வழக்கறிஞராகவும் பதிவுசெய்ய விரும்பிய ஒருவரை மகாராஷ்டிரா பார் கவுன்சில் மறுத்தது. வழக்கறிஞர் தொழில் முழு நேரத்தையும் முழுக் கவனத்தையும் கேட்பது, இரட்டைக் குதிரைச் சவாரி கட்சிக்காரருக்கும் நீதிமன்றத்துக்கும் கேடு என்று கூறி நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதிசெய்தது. அறுவைக் கூடத்திலிருந்து பாதியில் ஓடிவர முடியாதே என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அந்த வாதத்தின் முதுகெலும்பு நேரம்தான். அதே விதித் தொகுப்பில் 51ஆவது விதி, பாடநூல் பதிப்பித்தல், பயிற்சி வகுப்பு நடத்துதல், இதழியல், வினாத்தாள் தயாரித்தல் எனப் பலவற்றை வழக்கறிஞருக்கு அனுமதிக்கிறது. தேர்வுப் பயிற்சி வகுப்பு எடுக்கும் வழக்கறிஞருக்கு மிஞ்சும் நேரத்தைவிட மென்பொருள் நடத்துபவருக்கு மிஞ்சும் நேரம் குறைவு என்று எப்படிச் சொல்வது?

7. எங்கே இருக்கிறது மெய்யான ஆபத்து?

நேரத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால் கவலைப்பட வேண்டிய ஒன்று தெரிகிறது: நலன்களின் மோதல். அந்த மாணவரின் கணினியில் நூற்றுக்கணக்கான வழக்குகளின் பட்டியல் இருக்கிறது. ஒரே வழக்கின் இரு தரப்பு வழக்கறிஞர்களும் அவருக்கு வாடிக்கையாளர்களாக இருக்கலாம். யார் யாருடைய வழக்கைக் கவனிக்கிறார் என்பதே சில சமயம் மதிப்புள்ள தகவல். நாளை இவரே அதே கோர்ட்டில் ஒரு தரப்புக்காக வக்காலத்து தாக்கல் செய்தால்? கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்னதை 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 132ஆவது பிரிவில் காக்கிறது. வழக்கறிஞர் ஒருவர் தகவல் சேவைக்காரராகச் சேகரித்ததற்கு அந்தக் காப்பு எவ்வளவு தூரம் நீளும் என்பதைப் பற்றி 47ஆவது விதியில் ஒரு சொல் இல்லை.

ஆள்பிடிக்கும் சிக்கல் இன்னொன்று. வழக்கறிஞர்களைத் தரவரிசைப்படுத்தி, விலை போட்டு, வாடிக்கையாளரோடு இணைத்துவிடும் இணையதளங்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அப்படியொரு தளத்தைத் தொடங்கும் சட்ட மாணவர், நாளை தம்மைக் கட்டுப்படுத்தப்போகும் நெறிக்கு இன்றே எதிராக நிற்கிறார். வாய்தா தேதி சொல்லும் மென்பொருள் அந்த வகை இல்லை. இந்த வேறுபாட்டைத்தான் விதி பேச வேண்டும். இப்போதைய விதியோ எல்லாவற்றையும் வணிகம் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

சட்டத் தொழில்நுட்பத்திலிருந்து சட்டம் படித்தவர்கள் விலகி நின்றால் அந்த இடம் வெறுமனே கிடக்காது. 2015இல் கணினி அறிவியல் மாணவர் ஒருவர் தொடங்கிய டூநாட்பே நிறுவனம், தன் சேவையை ரோபோ வழக்கறிஞர் என்று விளம்பரம் செய்தது. அது மனித வழக்கறிஞருக்கு ஈடானதா என்று சோதித்துக்கூடப் பார்க்கவில்லை என்று 2024இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் 1,93,000 டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. நல்ல முன்மாதிரிகளும் உண்டு. இன்று நம் வழக்கறிஞர்கள் தீர்ப்புகளைத் தேடும் இந்தியன் கானூன் தளத்தை 2008இல் உருவாக்கியவர் சுஷாந்த் சின்ஹா; கணினி அறிவியலாளர். ஸ்டான்ஃபோர்டு சட்டப் பள்ளியில் படித்த இருவர் 2012இல் தொடங்கிய ரேவல் லா, தீர்ப்புகளுக்கு இடையிலான தொடர்பைப் படமாக வரைந்து காட்டியது. 2017இல் லெக்சிஸ்நெக்சிஸ் அதை வாங்கிக்கொண்டது. சட்ட வகுப்பில் உட்கார்ந்தவர்களின் கேள்வியிலிருந்து பிறந்த கருவி அது. நம் வகுப்புகளிலும் அத்தகைய கேள்விகள் எழுகின்றன. வராந்தாவில் என்னிடம் வந்தது அவற்றில் ஒன்று.

8. பார் கவுன்சிலுக்கும் மாணவர்களுக்கும்

பார் கவுன்சில் வருகை விதியை மறுஆய்வு செய்யும்போது தொழில் நடத்தும் மாணவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரப் பயிற்சி கட்டாயம். அதைக் கம்பெனிகளிலும் சந்தை நிறுவனங்களிலும் பெறலாம் என்று 2008 விதிகளின் மூன்றாம் அட்டவணையே சொல்கிறது. அடுத்தவர் கம்பெனியில் ஒப்பந்தம் எழுதிப் பழகினால் பயிற்சி. தன் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதி, ஆண்டறிக்கை தாக்கல் செய்து, தகவல் பாதுகாப்புக் கொள்கை வகுத்தால் ஏன் பயிற்சியாகாது? ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில், நான்கு வாரத்துக்காவது அதைக் கணக்கில் எடுக்கலாம்.

2024 சுற்றறிக்கையின் உறுதிமொழியை, சொந்தத் தொழிலை வெளிப்படையாகத் தெரிவிக்கும் படிவமாக மாற்றலாம். 47ஆவது விதியில் சட்டத் தொழில்நுட்பச் சேவைகளுக்குத் தனி வகை வேண்டும்: என்ன தொழில், யாருடைய தகவல் கைவசம் இருக்கிறது, எந்த வழக்குகளில் ஆஜராக மாட்டேன் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு நடத்தலாம் என்று. புதிதாகப் பதிவுசெய்பவர் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலக நியாயமான கால அவகாசமாவது தரலாம். இவற்றால் தொழிலின் கண்ணியம் குறையாது. இன்றைக்கு அப்பா பெயரிலும் மனைவி பெயரிலும் கம்பெனியை எழுதிவைத்துவிட்டு மௌனமாகப் பதிவு செய்துகொள்வதே உண்மையில் அதைக் குறைக்கிறது.

அந்த மாணவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். பட்டம் அவருடைய கம்பெனிக்குத் தடை இல்லை, பதிவுதான் தடை. கம்பெனி முக்கியம் என்றால் பதிவைத் தள்ளிப்போடலாம். பதிவுசெய்த பிறகும் பிராக்டிஸை நிறுத்தி வைப்பதாக மாநில பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தொழிலைப் பார்க்கலாம். கோர்ட்டு முக்கியம் என்றால் நிர்வாகத்தைத் தோழரிடம் ஒப்படைத்துவிட்டுப் பங்கோடு நிற்கலாம். எதைச் செய்தாலும் மறைக்காமல் செய்ய வேண்டும்.

முதலாண்டில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழில் நெறிப் பாடம் உங்களுக்குக் கடைசி ஆண்டுகளில்தான் வரும்; அதுவரை காத்திருக்காதீர்கள். கம்பெனி பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் 47 முதல் 52 வரையுள்ள ஆறு விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். மொத்தமே இரண்டு பக்கம்தான்.